டாக்ஸி இன்ஜின் போட்ட ராஜா வண்டி

என் கணவர் வங்கியில் கடன் பிரிவில் அதிகாரியாக இருந்தார். பழைய லாரி வாங்கி ஓட்டப்போகிறேன் என்று யாராவது கடன் கேட்டு வந்தால், கேள்வி மேல் கேள்வி கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். சாப்பிடும்போது என்னிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார். "ரிப்பேருக்கு என்ன ஆகும்னு கேட்டா முழிக்கறான். இவனுக்கெல்லாம் எப்படிப் பணம் கொடுக்கறது?" அதே மனிதர்தான் கல்கத்தா பவானிபூரில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரோடு கூட்டுச் சேர்ந்து ஓடாத கார் ஒன்றை வாங்கினார்.

நானும் கார் விஷயம் தெரியாதவள் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் பிரிவில் எனக்கு வேலை. ஒரு கார் வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு எப்படி இறங்கிக்கொண்டே போகிறது என்பதைத் தினமும் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை வீட்டில் சொன்னால், "அது சாதாரணக் கார். இது பழைய கார். இது ஏறும்" என்றார்.

வீட்டுக்காரர் கீழ் வீட்டில் இருந்தார். கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துச் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டவர். என் கணவரைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் இவர் அவரை தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுவார், தம்பி மனைவி என்பதால் அவர் என்னை பௌமா என்பார். அவர் மனைவியை நான் பௌதி, அதாவது அண்ணி, என்பேன். வாடகை விஷயத்தில் கறாரான தம்பதி. மற்றபடி எங்கள் ரசமும் அவர்கள் வீட்டுச் சட்னியும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, பழைய கார்களின் ஊர்வலம் பார்க்க மைதானத்துக்கு இருவரும் போனார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம். அங்கே ஒரு வண்டி பதினைந்தாயிரத்துக்குக் கைமாறியதாம். யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னாராம். அந்தப் பக்கத்தில் நின்றவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் வாயில் வந்த அந்தப் பதினைந்தாயிரம்தான் எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தது.

வட கல்கத்தாவில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் அந்தக் கார் கிடந்தது. முப்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த, மேலே மூடிய நாலு கதவு வண்டி. அதன்மேல் புறாக்கள் பல வருஷமாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆளுக்குப் பாதி. எங்கள் பாதி, ஃப்ரிட்ஜ் வாங்குவதற்காக மாதாமாதம் நான் கட்டிக்கொண்டுவந்த சேமிப்பிலிருந்து போனது. ஆறே மாதத்தில் இரண்டு ஃப்ரிட்ஜ் வாங்கும் பணமாகத் திரும்பும் என்று இவர் சொன்னார். ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

லாரியில் கயிறு கட்டித்தான் வண்டியை இழுத்து வந்தார்கள். ஸ்டியரிங்கில் தாதா, வெள்ளை வேட்டியும் பஞ்சாபி ஜிப்பாவுமாக. தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கை தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். பௌதி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேரேஜில் அவள் போட்டு வைத்திருந்த அரிசி டின், நிலக்கரி மூட்டை, பழைய கட்டில் எல்லாம் முந்தின நாளே சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடம் மாறியிருந்தன.

முதல் செலவு வண்டிக்கே இல்லை, காகிதத்துக்கு. வண்டியின் பதிவுப் புத்தகமான ப்ளூ புக்கில் இருந்த பெயர் எப்போதோ இறந்துபோன பெரியவருடையது. வாரிசுகள் நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் ஜாம்ஷெட்பூரில் இருந்தார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு சந்தேஷ் மிட்டாய் டப்பா, டாக்ஸிச் செலவு, அதற்கு மேல் "குழந்தைகளுக்கு ஏதாவது". ஜாம்ஷெட்பூர்க்காரருக்கு இரண்டு தடவை ரயில் டிக்கெட். இதெல்லாம் செலவில் சேருமா என்று கேட்டால், "அது போக்குவரத்து" என்பார் என் கணவர். போக்குவரத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று மறுபடி கேட்டால் செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

அடுத்தது இன்ஜின். இறுகிப்போயிருந்தது. மிஸ்திரி வந்து பார்த்துவிட்டு, இதற்குரிய பாகங்கள் சீமையிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு இறக்குமதி லைசென்ஸும் கிடைக்காது, கிடைத்தாலும் உங்களால் முடியாது என்றான். அதனால் விபத்தில் நசுங்கிய ஒரு டாக்ஸியின் இன்ஜினை, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் மல்லிக் பஜாரில் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கிப் பொருத்தினார்கள். அது உட்காரும் இடம் வேறு, இது உட்காரும் இடம் வேறு. வெட்டி, ஒட்டி, தாங்கிக்கு இரும்பு வைத்து ஒருவழியாக உட்காரவைத்தார்கள். முதல்முதலாக அது உறுமியபோது தாதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் காலையில் ஆபீஸுக்குப் போகும் டாக்ஸி சத்தம்தான் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மூடிய வண்டியை யாரும் வாங்கமாட்டார்கள், திறந்த வண்டிதான் சினிமாக்காரர்களுக்கும் கல்யாணக்காரர்களுக்கும் பிடிக்கும் என்று தாதாவுக்குத் தோன்றியது. கூரையை அறுத்துவிட்டார்கள். அறுத்த பிறகுதான், அந்தக் கூரைதான் வண்டியையே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. இடது பக்கக் கதவைச் சாத்தினால் வலது பக்கக் கதவு திறந்துகொண்டது. அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துத் தகடு வேலை முடிக்க ஆயிரத்து ஐந்நூறு. அந்த வேலை முடிவதற்குள் ஒரு துர்கா பூஜை வந்துபோனது. பூஜைக்கு ஊருக்குப் போன மிஸ்திரி காளி பூஜை, சட் பூஜை எல்லாம் முடிந்து நிதானமாகத் திரும்பினான். திரும்பி வந்தால் கரண்ட் இல்லை. வெல்டிங் மெஷினை ரிக்ஷாவில் கொண்டுவருவான், கரண்ட் போகும், திரும்ப எடுத்துப் போவான். போகவர ரிக்ஷாக் கூலி எங்களுடையது.

டயர் அந்த அளவில் கல்கத்தாவிலேயே இல்லை, பம்பாயிலிருந்து வரவழைத்தார்கள். பம்பருக்கும் முன்பக்கச் சல்லடைக்கும் முலாம். தோல் சீட், மடக்கும் ஹூட். முதலில் பச்சை வர்ணம். பர்ராபஜாரிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி வந்து, மெரூன் நிறமாக இருந்தால் மகள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வேன் என்றார். அட்வான்ஸ் வாங்கினீர்களா என்று கேட்டேன். "பெரிய மனுஷன்கிட்ட போய் அட்வான்ஸ் கேக்கறதா?" என்றார் இவர். வங்கியில் பெரிய மனிதர்களிடம் ஜாமீன் கேட்பவர். மறுபடி எழுநூறு செலவழித்து மெரூன் அடித்தார்கள். வியாபாரி வந்தார், பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். எடுத்துக்கொள்வேன் என்று அவர் சொன்னது ஒருநாள் வாடகைக்கு.

வாடகைக்கு விட்டார்கள். நூற்றைம்பது ரூபாய். அந்தப் பணத்தைத் தாதா சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தார். பிறகு இன்னும் சில கல்யாணங்கள். ஒரு தடவை பவானிபூரிலேயே, பெண் வீட்டுக்கு ரொம்பக் கிட்டத்தில், பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளை தலையில் டோபர் என்ற கல்யாணக் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்க, என் கணவரும் தாதாவும் பாண்டுக்காரர்களும் சேர்ந்து தள்ளினார்கள். வாடகையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தாயிற்று. இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆர்த்தோ டாக்டருக்குக் கொடுத்த பணமும் போக்குவரத்தில்தான் சேர்ந்திருக்க வேண்டும்.

இதற்குள் மொத்தம் ஒன்பதாயிரத்து எண்ணூறு உள்ளே போயிருந்தது. சந்தேஷும் ரிக்ஷாவும் டாக்டரும் சேர்க்காமல். நடுவில் பெட்ரோல் விலை வேறு ஏறி, பெரிய வண்டி என்றாலே ஆட்கள் ஓடத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய கார்களைப் பற்றி உண்மையிலேயே தெரிந்த ஒருவர் வந்தார். தேயிலைக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரே இரண்டு பழைய வண்டிகள் வைத்திருந்தார். நான் டீ கொண்டுபோனபோது பானட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்ஸி இன்ஜினைப் பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிட்டார். கூரை எங்கே என்று கேட்டார். அறுத்துவிட்டோம் என்றார் தாதா. பழைய இன்ஜின் எங்கே என்று கேட்டார். இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார். "நீங்கள் இதை வாங்கின அன்றைக்கே, புறா எச்சத்தோடு அப்படியே எனக்கு விற்றிருந்தால் ஐயாயிரம் கொடுத்திருப்பேன். இப்போது எனக்கு வேண்டாம்."

நான் அங்கேயே நின்றேன். எங்கள் ஆபீஸ் கணக்கில்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. காலம் கழிந்து மதிப்பு இறங்குவதை நான் டைப் அடித்திருக்கிறேன். பணம் கொட்டக் கொட்ட மதிப்பு இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

வந்தவர் போன பிறகு, "அவர் ரொம்பப் பழைய காலத்து மனுஷர்" என்றார் என் கணவர்.

வேறு ஆட்களும் வராமல் இல்லை. வந்தவர்களிடம் இவர்கள் இருவரும் விற்ற விதம்தான் பொறுக்க முடியாதது. லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கார் எந்த ஜமீன்தாரை எந்தக் கவர்னர் துரை வீட்டு விருந்துக்குக் கூட்டிப்போனது என்று தாதா ஆரம்பிப்பார். அரைமணி நேரம் போகும். பிறகு என் கணவர், ஒளிக்கக் கூடாது என்று, இடது பக்கக் கதவைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் தானாகவே சொல்லிவிடுவார். ஹௌராவில் ஃபவுண்டரி வைத்திருந்த ஒருவர் எட்டாயிரம்வரை வந்தார். அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

"ஏன் அனுப்பினேள்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியலை."

"தெரிஞ்ச ஒருத்தர் வந்தார். டார்ச்சை அணைச்சுட்டுப் போயிட்டார். தெரியாதவன்தான் வாங்கணும்."

இவர் அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜூன் மாதம், ரத யாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால், காய்ச்சல் என்று நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம் கீழே மணி அடித்தது. பௌதி கதவைத் திறந்து, என்னைக் கூப்பிட்டாள். வாசலில் வெற்றிலை வாயோடு பருமனான ஒருவரும் குடை பிடித்தபடி அவருடைய மானேஜரும் நின்றிருந்தார்கள். அந்தப் பெரியவர் சித்பூரில் ஜாத்ராக் கம்பெனி நடத்துகிறவர். ஊர் ஊராகப் போய் மைதானத்தில் பந்தல் போட்டு நாடகம் ஆடும் கம்பெனி. அந்த வருஷப் புது நாடகத்தில் ஒரு ஜமீன்தார் காரில் வந்து இறங்க வேண்டுமாம்.

என் கணவர் ஆபீஸில். தாதா உள்ளே பகல் தூக்கத்தில். நாங்கள் இருவரும் கேரேஜைத் திறந்து காட்டினோம். பெரியவர் பானட்டைத் தூக்கவே இல்லை. இன்ஜின் என்ன என்று கேட்கவில்லை. மானேஜர் குடையை வைத்து வண்டியின் அகலத்தை அளந்தார். பெரியவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தார். பிறகு முன்னால் மாட்டியிருந்த இரண்டு பித்தளை விளக்குகளையும், ரப்பர் உருண்டையை அமுக்கினால் அலறும் ஹாரனையும் பார்த்தார். பழைய சாமான் விற்கும் நடைபாதைக் கடையில் தாதா பேரம் பேசி வாங்கியவை அவை. மொத்தச் செலவில் அவ்வளவு மலிவாக வந்தது வேறு எதுவும் இல்லை. பெரியவர் ஹாரனை அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். சிரித்தார்.

"கடைசி வரிசைவரை கேட்கும்" என்றார் மானேஜரிடம்.

ஹாரன் சத்தத்தில் தாதா எழுந்துவிடப் போகிறாரே என்று நான் உள்பக்கம் பார்த்தேன். பௌதி சட்டென்று உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு என் காதில் மட்டும், "ஜமீன்தார் கதை வேண்டாம். விலையை மட்டும் சொல்லு" என்றாள்.

நான் எட்டாயிரம் என்றேன். அவர் ஆறு என்றார். இந்த ஹாரன் இந்த ஊரில் இன்னொன்று இல்லை என்றேன். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கும் தெரியாது. மானேஜர் ஏழு என்றார். பௌதி என் கையைக் கிள்ளினாள். முழுப் பணமும் இன்றைக்கே என்றால் ஏழு, இல்லாவிட்டால் எட்டு என்றேன். பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எந்த ஆபீஸில் வேலை என்று கேட்டார். இன்ஷூரன்ஸ் என்றேன். "அதுதான்" என்றார். மானேஜர் டாக்ஸி பிடித்துப் போய்ப் பணத்தோடு திரும்பி வந்தார்.

தாதா எழுந்து டீ கேட்டபோது மேஜையில் அவருடைய பாதி இருந்தது. விஷயத்தைப் பௌதி சொன்னாள். அவர் நேராகக் கேரேஜுக்குப் போய், வண்டி இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னிடம் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஜாத்ராவுக்கா, பௌமா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் வந்த என் கணவரும் அதையேதான் கேட்டார். அவர்கள் மனதில் இருந்தது ஒரு ராஜகுமாரனோ, கான்சல் துரையோ. இரண்டாயிரத்து எண்ணூறு நஷ்டம் என்பது இருவருக்குமே பெரிய விஷயமாகத் தெரியவில்லை. யாரிடம் நஷ்டப்பட்டோம் என்பதுதான் வருத்தம். மறுநாள் ப்ளூ புக்கில் கையெழுத்துப் போட இவரை உட்காரவைக்க நான் பட்ட பாடு, அந்த நாலு வாரிசுகளிடம்கூட இவர்கள் பட்டிருக்கமாட்டார்கள்.

பூஜை வருவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. அலுவலகத்திலும் தெருவிலும், "ஏழாயிரத்துக்குத் தள்ளிவிட்டோம்" என்று இருவரும் சொல்லத் தொடங்கினார்கள். வாங்கின விலை இரண்டாயிரத்து ஐந்நூறு என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். நடுவில் போனதைச் சொல்லவில்லை. கேட்டவர்களில் இரண்டு பேர் பழைய கார் வாங்க யோசனை கேட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். நான் டீ மட்டும் கொடுத்தேன்.

குளிர்காலத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே மைதானத்தில் அந்த நாடகம் நடப்பதாகச் சொல்லி, கம்பெனிப் பெரியவர் நாலு பாஸ் அனுப்பியிருந்தார். போகமாட்டேன் என்ற தாதாதான் முதலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். சாயங்காலமே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். மூன்று பக்கமும் ஜனம். ரயில்வேக் குடும்பங்கள், குழந்தைகள், கடலை விற்பவர்கள். கிளாரினெட்டும் டோலும் உச்சத்துக்குப் போனபோது பின்னாலிருந்து ஹாரன் அலறியது. கூட்டம் முழுக்கத் திரும்பியது. மெரூன் வண்டி, பித்தளை விளக்குகள் எரிய, ஜனத்துக்கு நடுவே விட்டிருந்த வழியில் மெதுவாக வந்தது. பின்னாலிருந்து புகை. ஜமீன்தார் பின்சீட்டில் ஹுக்காவோடு. அப்படிக் கைதட்டியதை நான் பார்த்ததில்லை. என் கணவர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு அவர் முகம் மாறியது. "இன்ஜின் சத்தமே இல்லையே" என்றார்.

வண்டி எங்களைத் தாண்டியபோது தெரிந்தது. பின்னால் கறுப்புத் துணி போர்த்திய நாலு பேர் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் கையில் சாம்பிராணிச் சட்டி. புகை அதிலிருந்துதான்.

இடைவேளையில் பெரியவரைப் பார்க்கப் போனோம். அவர் மண் கோப்பையில் டீ வரவழைத்துக் கொடுத்தார். இன்ஜின் என்ன ஆயிற்று என்று என் கணவர் கேட்டார். கனமாக இருந்தது, சதுப்பு மைதானங்களில் புதைந்துவிடுகிறது, அதனால் இறக்கி ஒரு டாக்ஸிக்காரனுக்கு விற்றுவிட்டேன் என்றார் அவர், வெகு சாதாரணமாக. எவ்வளவுக்கு என்று கேட்டது நான்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு. டாக்ஸி இன்ஜினுக்கு இப்போது நல்ல கிராக்கி, அம்மா, உங்களுக்குத் தெரியாதா என்றார்.

நாங்கள் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கி, பிஸ்டன் ரிங் எல்லாம் மாற்றிக் கொடுத்த இன்ஜின். இரண்டு வருஷத்தில் இந்தக் காரில் லாபம் பார்த்த ஒரே மனிதர் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார், அதுவும் அதை ஓட்டாமலேயே.

கடைசிவரை இருக்காமல் ரயிலுக்கு வந்துவிட்டோம். ஹௌரா லோக்கலில் நல்ல கூட்டம். ஆண்கள் இருவரும் எதிர்வரிசையில் நெருக்கி உட்கார்ந்து ரகசியமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். இரைச்சலில் எனக்கு அங்கங்கே கேட்டது. நசுங்கின டாக்ஸிகள், மல்லிக் பஜார், இன்ஜினை மட்டும் தனியாக, ஒன்றுக்கு எழுநூறு லாபம், மாதம் இரண்டு என்றால். தாதா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். என் கணவர் ஆமோதித்தார். வங்கியில் லாரிக்காரர்களை முழிக்கவைக்கும் அதே முகம்.

பௌதி ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "கேரேஜை நேற்றே பந்தல்காரனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே. "மூங்கில் போட்டு வைக்க. இவரிடம் இன்னும் சொல்லவில்லை."

ஹௌராவில் இறங்கினோம். பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பஸ் வந்தது. நானும் பௌதியும் ஏறி இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான், அவர்கள் இருவரும் பேச்சு சுவாரஸ்யத்தில் இன்னும் கீழேயே நிற்கிறார்கள் என்று கண்டக்டர் சொன்னார்.